ஸ்கேனில் தெரியாத அச்சம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறு (பி.டி.எஸ்.டி.) மூளை சார்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். லாரி ஓட்டுநரான என் மைத்துனர், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நடந்த ஒரு விபத்தில் உயிர் தப்பியவர். இப்போது பிரேக் லைனிங் கருகும் வாடை வந்தாலே கைகால் வெடவெடத்து வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிடுகிறார். தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம்; ஒன்றுமில்லை என்றார்கள். மூளையில் கோளாறு என்றால் படத்தில் தெரிய வேண்டாமா? அவருக்கு நேர்ந்ததை மறைத்து, பழியை அவர் தலைக்குள் தள்ளுவதாகவே உங்கள் கருத்து எனக்குப் படுகிறது.

வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

விபத்துக்குப் பின் எடுக்கப்படும் ஸ்கேன், இரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இருக்கிறதா என்று பார்ப்பதற்கானது. அச்சத்தை மூளை கையாளும் விதம் அதில் பதிவாவதில்லை. ஆய்வுகளில், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா மிகையாகக் கிளர்வதும், அதைத் தணிக்க வேண்டிய முன்மூளைப் பகுதி மந்தமாக இருப்பதும் காணப்பட்டிருக்கின்றன. ஆயினும் அவை குழுக்களை ஒப்பிடும்போது தெரியும் வேறுபாடுகள் என்பதால், ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து இந்தக் கோளாறு உண்டென்றோ இல்லையென்றோ சொல்லிவிட முடியாது. நோயாளியிடம் பேசித்தான் இதைக் கண்டறிகிறார்கள்.

மூளை சார்ந்தது என்று நான் சொல்வதற்கு வலுவான சான்று வேறொன்று. வியட்நாம் போரில் தலையில் காயமடைந்த அமெரிக்க வீரர்களைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வில், அமிக்டலா சேதமடைந்திருந்தவர்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கோளாறு வந்திருக்கவில்லை.

உங்கள் ஐயத்துக்கும் இடமிருக்கிறது. 2002இல் வெளியான இரட்டையர் ஆய்வு ஒன்றில், போருக்குப் போய்க் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமன்றி, போர்முனையையே காணாத அவருடைய ஒத்த இரட்டையருக்கும், நினைவுகளைப் பதிக்க உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சிறியதாகவே இருந்தது. அதாவது, மூளையில் காணும் வேறுபாடு சிலருக்கு முன்பே இருந்ததாக இருக்கலாம். இதைப் பிடித்துக்கொண்டு, இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் "இவருக்கு ஏற்கெனவே இருந்த பலவீனம்" என்று வாதாடக்கூடும். (வாதாடாவிட்டால்தான் வியப்பு.) ஆனால் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்தக் கோளாறை மனநோய்களை வரையறுக்கும் தன் கையேட்டில் சேர்த்தபோதே, அதிர்ச்சி தந்த நிகழ்வு ஒன்று நடந்திருக்க வேண்டும் என்பதை வரையறையிலேயே வைத்தது. எனவே மூளையைப் பற்றிப் பேசுவதால் தொப்பூர் விபத்து மறைந்துவிடாது. விபத்து இல்லையேல் இந்த நோய்ப்பெயரே இல்லை.

மூளை என்றதும் வெறும் மாத்திரை என்றும் கருத வேண்டாம். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் சிலருக்கு உதவுகின்றன. அஞ்சும் நினைவையும் இடத்தையும் பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் சிகிச்சைக்கோ இன்னும் உறுதியான ஆதரவு இருக்கிறது. ஆகவே இன்னொரு ஸ்கேனுக்குச் செலவழிக்காமல், அவரை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த வாடை வந்ததும் என்ன நேர்கிறது, இரவில் எத்தனை முறை விழிக்கிறார் என்பதையெல்லாம் அவரே தம் வாயால் சொல்லட்டும். நேரில் போகத் தயங்கினால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) எண்ணில் முதலில் பேசலாம்.