சொதியை நிறுத்தினால் மூளைக் கட்டி பட்டினி கிடக்குமா?

கேள்வி: என் அண்ணாவுக்கு 52 வயது. மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்று ஒப்பரேஷன் செய்து, இப்போது மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடிக்கிறார்கள். இந்தப் புற்றுநோய் கொழுப்பில்தான் வளருமாம் என்று வட்சப்பில் பார்த்ததிலிருந்து தேங்காய்ப்பால் சொதி, முட்டை, தயிர் எல்லாம் நிறுத்திவிட்டார். எங்கள் வாப்பாவின் கொலஸ்ட்ரோல் குளிசையைத் தானும் போடலாமா என்று கேட்கிறார்.
- வாசகி, காத்தான்குடி

பதில்: வட்சப்பில் வந்தது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். இந்தக் கட்டிக்குக் கொலஸ்ட்ரோல் நிறைய வேண்டும். ஆனால் அதை உங்கள் குசினியில் இருந்து எடுப்பதில்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளையில் மொத்தக் கொலஸ்ட்ரோலில் ஏறத்தாழ 20 சதவீதம் இருக்கிறது. அத்தனையையும் மூளை தானே செய்துகொள்கிறது, இரத்தத்தில் ஓடுவது உள்ளே போவதில்லை என்றே சொல்லலாம். கட்டி என்ன செய்கிறது? பக்கத்திலுள்ள நல்ல கலங்கள் செய்துவைத்ததை வாங்கித் தின்று, மிச்சத்தைச் சின்னச் சின்னக் கொழுப்புத் துளிகளாகச் சேமித்து வைக்கிறது. கட்டிக்குள் இரத்தக்குழாய்கள் கொஞ்சம் கசியும்தான். அதற்காகச் சொதியை நிறுத்தினால் கட்டி சுருங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இந்தப் பசியை மருந்தால் அடக்கலாமா என்று ஆராய்கிறார்கள். எல்எக்ஸ்ஆர்-623 என்ற மருந்து கட்டிக் கலத்திலிருந்து கொலஸ்ட்ரோலை வெளியே தள்ளிக் கலத்தைச் சாகடித்ததை 2016இல் சுண்டெலிகளில் காட்டினார்கள். சுண்டெலியில்தான். அட்டோவஸ்டட்டின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசையை வழக்கமான சிகிச்சையோடு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. ஆகவே வாப்பாவின் குளிசை வாப்பாவுக்கே இருக்கட்டும். அண்ணாவுக்கு இருதயத்துக்கென்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் அதை நிறுத்த வேண்டாம்.

எனக்குக் கவலை வேறு. மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை கொடுத்திருப்பார்கள். அது சுகரை ஏற்றும், தொடைத் தசையைக் கரைக்கும். கதிரையிலிருந்து எழும்பும்போது அண்ணா இரண்டு கையையும் ஊன்றுகிறாரா, பாருங்கள். ஊன்றினால் அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் அந்தக் குளிசையை நீங்களாக ஒரு நாளும் சட்டென நிறுத்தக் கூடாது. இந்த நேரத்தில் முட்டையையும் தயிரையும் பறித்தால் தசைக்கு எதுவும் மிஞ்சாது. சுகர் கூடியிருந்தால் சோற்றையும் பிட்டையும் குறையுங்கள், மீன் துண்டைக் குறைக்காதீர்கள். கிழமைக்கு ஒரு தடவை நிறை பார்த்துக் கிளினிக் கொப்பியில் எழுதி வாருங்கள்.