சால்வடோர் சான்செஸ்: பன்னிரண்டாம் ரவுண்டுக்குப் பிறகு

கேள்வி: 23 வயதிலேயே இறந்துபோன சால்வடோர் சான்செஸை, ஃபெதர்வெயிட் பிரிவின் மிகச்சிறந்த சாம்பியன்களில் ஒருவர் என்று ஏன் சொல்கிறார்கள்? அவர் ஆடியதில் எந்த ஆட்டத்தை முதலில் பார்க்கலாம்?

நான் ராயபுரத்துக்காரன். 2004-ல் 57 கிலோ பிரிவில், அதாவது ஃபெதர்வெயிட்டில், ஆடிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பாக்சிங் பேச்சு எங்கே தொடங்கினாலும் இரண்டு இடத்தில் போய் நிற்கும். ஒன்று, சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று மோதிக்கொண்ட பழைய காலம். இன்னொன்று, 1980-ல் முகமது அலி நேரு ஸ்டேடியத்துக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடியது. அன்றைக்குக் கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தவர்களில் எங்கள் மாஸ்டரும் ஒருவர்.

ஆனால் மாஸ்டர் எங்களுக்கு அலியைக் காட்டவில்லை. "அவரு சாமி மாதிரிடா. கும்புட்டுக்க. ஆனா அவரு உசரம் வேற, எடை வேற. நீ அம்பத்தேழு கிலோ. அம்பத்தேழு கிலோக்காரன் எப்படி ஆடுறான்னு பாரு" என்பார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர் அவர். கப்பல்காரர் ஒருவர் கொடுத்த வீடியோ கேசட் ஒன்றை வைத்திருந்தார். 1981 ஆகஸ்ட் 21, லாஸ் வேகாஸ், சால்வடோர் சான்செஸ், வில்பிரடோ கோமஸ். ஓடி ஓடி அந்தக் கேசட்டில் படத்தின் கீழ்ப்பாதியில் ஒரு வெள்ளைக் கோடு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. டெக்கைப் போட்டதும் டிவி சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிடுவார். வர்ணனையைக் கேட்டுக்கொண்டு பார்த்தால் அடி விழுவதைத்தான் பார்ப்போம், அது எங்கே பிறக்கிறது என்று பார்க்கமாட்டோம் என்பது அவர் கட்சி.

கோமஸ் யார் என்று தெரிந்தால்தான் அந்த ஆட்டத்தின் கனம் புரியும். போர்ட்டோ ரிக்கோக்காரர். தொழில்முறையில் முதல் ஆட்டம் டிரா. அதற்குப் பிறகு 32 ஆட்டம், 32-ம் நாக் அவுட். சூப்பர் பாண்டம்வெயிட் பட்டத்தை 13 தடவை காப்பாற்றியதும் நாக் அவுட்டிலேயே. அப்படிப்பட்டவர் ஒரு படி மேலே ஏறி, சான்செஸின் பட்டத்தைப் பிடுங்க வந்தார். முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்தார். எழுந்து நன்றாகவே சண்டை போட்டார், அதையும் சொல்லவேண்டும். நடுவில் சில ரவுண்டுகளில் சான்செஸைக் கயிறுவரை தள்ளிக்கொண்டு போனார். ஆனால் ரவுண்டுக்கு ரவுண்டு கோமஸின் முகம் வீங்கிக்கொண்டே போகும். எட்டாவது ரவுண்டில் கண் இரண்டும் கோடாகிவிட்டது. நடுவர் நிறுத்திவிட்டார்.

சான்செஸ் பின்னால் நகரும் இடம் வந்தால் மாஸ்டர் கேசட்டை நிறுத்துவார். திரும்பச் சுற்றுவார். "கையப் பாக்காத, காலப் பாரு. பின்னால போறான், ஆனா தப்பிச்சுப் போகல. அவனக் கூட்டிக்கினு போறான்." இருபது வருஷம் ஆகிவிட்டது, சான்செஸின் ஆட்டத்தை இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எதிராளி தான்தான் துரத்துகிறோம் என்று நினைத்து ஒரு அடி எடுத்து வைப்பான். அந்த அடி தரையில் ஊன்றுவதற்குள் சான்செஸின் வலது கை போயிருக்கும். அவசரமே இருக்காது. தோள் தளர்வாக இருக்கும். பத்தாவது ரவுண்டிலும் முதல் ரவுண்டில் நின்ற மாதிரியே நிற்பார்.

மாஸ்டர் சொன்னது எனக்கு உடனே ஏறிவிடவில்லை. அந்த வருஷம் ஒரு மாவட்ட அளவுப் போட்டி. என் எடை 60 கிலோ. பத்து நாளில் மூன்று கிலோ இறக்கினேன். சட்டைக்குள் பிளாஸ்டிக் ஷீட் சுற்றிக்கொண்டு காசிமேட்டுக் கடலோரம் ஓடுவேன். கடைசி நாள் தண்ணீர் குடிக்காமல் எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைத்து எச்சில் துப்பிக்கொண்டே இருந்தேன். அப்போது அமெச்சூரில் நாலு ரவுண்டு, ரவுண்டுக்கு இரண்டு நிமிஷம். முதல் ரவுண்டிலேயே முடித்துவிடலாம் என்று இருந்ததையெல்லாம் கொட்டினேன். மூன்றாவது ரவுண்டில் கிளவுஸைத் தூக்கக் கை வரவில்லை. காதில் என் மூச்சு மட்டும்தான் கேட்டது. நாலாவது ரவுண்டில் அந்தப் பையன் என்னைக் குத்தக்கூட இல்லை. தள்ளினான், நான் போனேன்.

மாஸ்டர் திட்டவில்லை. பெஞ்சில் உட்காரவைத்து என் கையில் சுற்றியிருந்த பேண்டேஜை அவிழ்த்தார். வியர்வையில் ஊறி, முறுக்கிக் கயிறு மாதிரி ஆகியிருந்தது. அதைப் பிரித்து நீவிச் சுருட்டிக்கொண்டே, "எட்டு நிமிஷம்டா கண்ணு. அவன் நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆடுவான்" என்றார்.

சான்செஸ் காலத்தில் பட்ட ஆட்டம் 15 ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிஷம். உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த நாற்பத்தைந்து நிமிஷத்தில்தான் இருக்கிறது.

சான்செஸ் 1959 ஜனவரி 26 அன்று மெக்சிகோவில் சான்டியாகோ தியாங்கிஸ்தெங்கோவில் பிறந்தவர். 16 வயதில் தொழில்முறைக்கு வந்துவிட்டார். 1977-ல் மெக்சிகோ பாண்டம்வெயிட் பட்டத்துக்காக அன்டோனியோ பெசெராவிடம் 12 ரவுண்டு ஆடிப் புள்ளியில் தோற்றார். வாழ்க்கையில் அவர் தோற்றது அந்த ஒரு தடவைதான். 1978-ல் ஒரு டிரா. மொத்தக் கணக்கு 46 ஆட்டம், 44 வெற்றி, அதில் 32 நாக் அவுட்.

1980 பிப்ரவரி 2 அன்று பீனிக்ஸ் நகரில் டேனி லோபஸிடமிருந்து டபிள்யூ.பி.சி. (உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்று) ஃபெதர்வெயிட் பட்டத்தை வாங்கினார். 21 வயது முடிந்து சரியாக ஒரு வாரம். லோபஸ் 1976-லிருந்து சாம்பியன். கீழே விழுந்தாலும் எழுந்து வந்து எதிராளியைப் படுக்கவைக்கிறவர் என்று பேர். அவரைச் சான்செஸ் 13-ஆம் ரவுண்டில் முடித்தார். ஜூன் மாதம் மறுபடி ஆடினார்கள், 14-ஆம் ரவுண்டில் முடித்தார். 1982 ஜூலை 21 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அசுமா நெல்சன். அது 15-ஆம் ரவுண்டில் முடிந்தது.

பதிமூன்று, பதினான்கு, பதினைந்து. இந்த மூன்று ரவுண்டும் இன்றைக்கு பாக்சிங்கில் கிடையாது. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு ஆடிய கொரிய வீரர் கிம் டுக் கூ 14-ஆம் ரவுண்டில் விழுந்து சில நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகு டபிள்யூ.பி.சி. பட்ட ஆட்டத்தை 12 ரவுண்டாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்னால் வந்தன. குறைத்தது நியாயம்தான், எனக்கு அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் சான்செஸ் ஆடிய பத்து பட்ட ஆட்டங்களில் எட்டு, 12-ஆம் ரவுண்டைத் தாண்டியவை. மற்றவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மணிக்காகக் காத்திருந்த அந்தக் கடைசி ஒன்பது நிமிஷத்தில்தான் அவர் ஆட்டம் பழுத்தது. 15 ரவுண்டு போனவற்றிலும் பாருங்கள், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய இங்கிலாந்துக்காரர் பேட் கவ்டெல்லைக் கடைசி ரவுண்டில் கீழே தள்ளியிருக்கிறார். முப்பது மாதத்துக்குள் இவ்வளவும். ஒரு பட்டம் வாங்கியது, ஒன்பது தடவை காத்தது.

அவர் யாரை ஜெயித்தார் என்பதையும் பார்க்கவேண்டும். சான்செஸ் இறந்ததும் பட்டம் காலியானது. 1982 செப்டம்பரில் அதை எடுத்தவர் ஹுவான் லாபோர்ட். 1980 டிசம்பரில் சான்செஸிடம் 15 ரவுண்டு ஆடித் தோற்றவர். 1984 மார்ச்சில் லாபோர்ட்டிடமிருந்து பட்டத்தை வாங்கியவர் கோமஸ். அந்த வருஷம் டிசம்பரில் கோமஸைச் சாய்த்து வாங்கியவர் நெல்சன், பிறகு சில வருஷம் அவர் கையிலேயே இருந்தது. அடுத்தடுத்து வந்த மூன்று சாம்பியன்களும் சான்செஸிடம் தோற்றவர்கள். ஒரு சாம்பியன் போனபின் பல வருஷத்துக்கு அவர் பிரிவையே அவரிடம் தோற்றவர்கள் ஆண்டார்கள் என்றால், அவருக்கு வயது போதாது, ஆட்டம் போதாது என்று எப்படிச் சொல்வது? நெல்சன் பிறகு ஆப்பிரிக்காவின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர்களில் ஒருவர் ஆனார். சான்செஸோடு ஆடும்போது அவர் அதுவரை 13 ஆட்டம் மட்டுமே ஆடியவர், வேறொருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் ஒப்புக்கொண்டு வந்தவர்.

எல்லா ஆட்டமும் அபாரம் என்று சொல்லமாட்டேன். கயானாக்காரர் பேட்ரிக் ஃபோர்டும் கவ்டெல்லும் அவருக்கு நல்ல தண்ணி காட்டினார்கள். உயரமானவன், ஜாப்பை (முன்கையால் விடும் நேர்க்குத்தை) நீட்டிவிட்டுத் தள்ளியே நிற்கிறவன் வந்தால் சான்செஸுக்குத் துணையாக வர ஆள் கிடைக்காது, கூட்டிக்கொண்டு போக முடியாது. அந்த மாதிரி இரவுகளில் நெருக்கமான புள்ளியில்தான் தப்பினார். எனக்கு அந்த ஆட்டங்களும் பிடிக்கும். வழி அடைபட்டபோதும் அவர் பதறுவதில்லை.

1982 ஆகஸ்ட் 12 விடியற்காலை. கெரெதாரோவிலிருந்து சான் லூயிஸ் பொதோசி போகும் சாலையில் அவர் ஓட்டிய போர்ஷ் கார் லாரியில் மோதியது. நெல்சன் ஆட்டம் முடிந்து 22 நாள். லாபோர்ட்டோடு செப்டம்பரில் மறு ஆட்டத்துக்காகப் பயிற்சியில் இருந்தார். 1981-ல் தி ரிங் பத்திரிகை சுகர் ரே லியோனார்டோடு சேர்த்து அவரைத்தான் ஆண்டின் சிறந்த வீரர் என்று தேர்ந்தெடுத்திருந்தது. 1991-ல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழரங்கத்தில் அவர் பேர் ஏறியது. மாஸ்டர் இந்த விபத்தைப் பற்றிப் பேசவேமாட்டார். நாங்கள் கேட்டால், "அவன் ஆடுனதப் பேசு" என்று எழுந்து போய்விடுவார்.

எந்த ஆட்டத்தை முதலில் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். எல்லோரும் கோமஸ் ஆட்டத்தைச் சொல்வார்கள், நானும் அதில்தான் தொடங்கினேன். ஆனால் நீங்கள் நெல்சனில் தொடங்குங்கள். நாக் அவுட்டை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருக்கும் துண்டு வீடியோ வேண்டாம், முழு 15 ரவுண்டும் பாருங்கள். நெல்சன் பயப்படாமல் முட்டிக்கொண்டே வருவார், சில ரவுண்டுகளில் சாம்பியன் யார் என்றே தெரியாது. ஏழாவது ரவுண்டில் ஒருமுறை விழுந்தும் விடாமல் வந்தார். சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். பன்னிரண்டு முடிந்து மணி அடித்ததும், சான்செஸ் ஸ்டூலிலிருந்து எழுந்து ரிங்கின் நடுவுக்கு நடந்துவருவார். அந்த இடத்தில் நிறுத்தி, அவர் காலைப் பாருங்கள்.