கேளுங்கள், சொல்கிறோம்: பள்ளிப் பிள்ளைகளும் சாலையும்

கேள்வி: எங்கள் டயர் கடை சார்பில் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கி, தொண்டு நிறுவனம் ஒன்றின் மூலம் நாற்கரச் சாலையோரப் பள்ளியில் சாலைப் பாதுகாப்பு கற்றுத்தர நினைக்கிறோம். பேரணி, டி-ஷர்ட், ஓவியப் போட்டி, பரிசளிப்பு என ஒருநாள் விழாவுக்குத் திட்டம் கொடுத்திருக்கிறார்கள். இது போதுமா?
– வாசகர், திருமங்கலம்

போதாது. பேரணியில் பிள்ளைகள் கோஷம் போடப் பழகுவார்கள். ரோட்டைக் கடக்க ரோட்டோரத்தில் நின்றுதான் பழக வேண்டும். அதே பணத்தில் 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு வாரம் ஒன்றாக நான்கு வகுப்புகள், ஒவ்வொன்றும் 40 நிமிடம், என்று திட்டத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். முதல் இரண்டும் மைதானத்தில், அடுத்த இரண்டும் பள்ளி வாசலில்.

மைதானத்துக்குச் செலவு அதிகமில்லை. சுண்ணாம்புப் பொடி 10 கிலோ, 50 மீட்டர் கயிறு, அளவு நாடா, ஆறு கூம்புகள். 7 மீட்டர் அகலத்துக்கு இரண்டு கோடு போட்டால் இருவழிச் சாலை ஆயிற்று. நடுவே அரை மீட்டர் பட்டை, அரை மீட்டர் இடைவெளி என்று வரிக்கோடு வரையுங்கள். அடுத்து கயிறு. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுபவர் பார்த்து பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த ரோட்டிலேயே சுமார் 20 மீட்டர் வேண்டும். 60-இல் வந்தால் சுமார் 37 மீட்டர். இந்த இரண்டு நீளத்தையும் பிள்ளைகளே கயிறு பிடித்து அளக்கட்டும். கையை நீட்டிக்கொண்டே இறங்கினால் வண்டி நின்றுவிடும் என்றுதான் நம் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துக் கற்றிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கயிறு உடைக்கும். சொற்பொழிவு உடைக்காது.

வாசலுக்கு வரும்போது எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் கூடாது. "வலது, இடது, மறுபடி வலது" என்று பாடம் சொல்வதோடு நிறுத்தும் பயிற்சியாளர் உங்கள் ஊர் ரோட்டைப் பார்க்காதவர். நாற்கரச் சாலையில் நடுத்திட்டு வரை வாகனம் வலப்பக்கமிருந்து வர வேண்டும், நடுத்திட்டுக்குப் பின் இடப்பக்கமிருந்து. ஆனால் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வரும் பைக்குகள் உண்டே! அதனால் இரு பாதியிலும் இரு பக்கமும் பார்க்கப் பழக்க வேண்டும்.

வண்டியின் வேகத்தை மதிப்பிடுவது சிறு பிள்ளைகளுக்குக் கைவராது. பத்து வயது வரை பெரியவர் கை பிடித்தே கடக்க வேண்டும். அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஓர் அடையாளம் காட்டிக் கொடுங்கள். ஒரு பக்கத்துச் சாலை, ஓரத்தையும் சேர்த்து 9 மீட்டர் என்று வையுங்கள். பிள்ளை கடக்க ஏறக்குறைய 9 விநாடி. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் அந்நேரத்தில் 200 மீட்டர் வந்துவிடும். வாசலில் இருந்து 200 மீட்டரில் உள்ள புளியமரமோ பெயர்ப்பலகையோ அதுதான் எல்லை: எந்த வண்டி அதைத் தாண்டி வந்தாலும் ரோட்டில் கால் வைக்கக் கூடாது. வளைவு மறைத்து 200 மீட்டர் தெரியவில்லை என்றால் அது கடக்கும் இடமே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் அது கிளம்பிப் போகும்வரை நிற்க வேண்டும். பஸ்ஸின் முன்னால் ஓடிக் கடப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. நடைபாதை இல்லாத ரோட்டில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கச் சொல்லுங்கள்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணைக்கு நிபந்தனை: பயிற்சிக்கு முன்பும், முடிந்து ஒரு மாதம் கழித்தும், பள்ளி விடும் நேரத்தில் 30 பிள்ளைகளைத் தள்ளி நின்று கவனித்து, எத்தனை பேர் ஓரத்தில் நின்று பார்த்துக் கடந்தார்கள் என்ற கணக்கு. புகைப்பட ஆல்பம் கணக்காகாது. அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சம்மதித்தால் போதாது. முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

கேள்வி: ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வருகிறதே, அப்போதே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, அலங்காநல்லூர்

உங்கள் ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும்போது போலீசார் கிடைக்க மாட்டார்கள், பள்ளியும் விடுமுறை. ஜூன் பிற்பாதி, ஜூலை நல்லது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வழி பழகும் நேரம்.

கேள்வி: நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு கிடைக்குமா?
– பாத்திரக் கடை உரிமையாளர், மதுரை

தொண்டு நிறுவனத்துக்கு, நன்கொடையாளருக்கு வரிக்கழிவு பெற்றுத் தரும், 80ஜி என்று பழகிய பதிவு இருந்து, நீங்கள் வங்கி வழியாகக் கொடுத்தால், பொதுவாகப் பாதித் தொகைக்கு, உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. பலர் தவறுவது இங்கேதான். ஹெல்மெட்டைத் தாங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு ரசீது கேட்பார்கள். பணத்தை நிறுவனத்துக்கு அனுப்பி அவர்களை வாங்கச் சொல்லுங்கள். தனி உரிமையாளராகப் புதிய வரிமுறையில் இருந்தால் இந்தக் கழிவு இல்லை.

லாபத்தில் ஒரு பகுதியைச் சமூகப் பணிக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும் என்ற கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின் கட்டாயம் பெரிய கம்பெனிகளுக்குத்தான்: ஆண்டு நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி. சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு இதில் கல்வி மேம்பாட்டுக்குள் அடங்கும் என்று 2014-இலேயே மத்திய அரசு தெளிவுபடுத்திவிட்டது. பணம் பெறும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 பதிவு செய்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: 300 பிள்ளைகளுக்கு ஹெல்மெட் தரப்போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், உசிலம்பட்டி

ஒரே அளவில் 300 வாங்கிவிடாதீர்கள். தையல் நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலே சுற்றி ஒவ்வொரு தலையையும் அளந்து பட்டியல் போடுங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 50 முதல் 54 செ.மீ. வரும், பெரியவர்களின் நடுத்தர அளவு 57, 58. அது குழந்தையின் தலையில் சுழலும், விழுந்தால் கழன்று ஓடும். வாரைப் பூட்டியபின் தாடைக்கடியில் இரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 4151 என்ற ஹெல்மெட் தர எண்ணும் உரிம எண்ணும் இருக்கும். உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபாருங்கள்.

சட்டப்படி பைக், ஸ்கூட்டரில் போகும் 4 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். 9 மாதம் முதல் 4 வயது வரை ஹெல்மெட்டோடு, ஓட்டுபவருடன் பிணைக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. இது 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறை.

கொடுத்த ஹெல்மெட் சில வாரங்களிலேயே வீட்டுப் பரணுக்குப் போவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல, வகுப்பில் வைக்க இடமில்லை. பின்சுவரில் கொக்கி அடிக்கவும் பணம் ஒதுக்குங்கள்.

கேள்வி: 11-ஆம் வகுப்பு மாணவர்களின் விலையில்லா சைக்கிளில் ஒளிரும் பட்டை ஒட்ட எவ்வளவு வாங்க வேண்டும்?
– வாசகர், மேலூர்

பின் மட்கார்டில் 15 செ.மீ. சிவப்பு, முன்னால் 10 செ.மீ. வெள்ளை, மிதிகட்டைகளிலும் சக்கரக் கம்பிகளிலும் துண்டுகள் என்று ஒரு சைக்கிளுக்கு அரை மீட்டர். 200 சைக்கிளுக்கு 100 மீட்டர்; 45 மீட்டர் சுருளில் மூன்று. பளபளக்கும் அலங்கார ஸ்டிக்கரைத் தலையில் கட்டிவிடுவார்கள், ஏமாறாதீர்கள். இருட்டில் பத்து மீட்டர் தள்ளி வைத்து, டார்ச்சைக் கண்ணருகே பிடித்து அடியுங்கள். பூனைக் கண்போலத் திருப்பி அடித்தால் அசல். புழுதியின் மேல் ஒட்டினால் ஒரே மழையில் உரிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, ஸ்பிரிட் தொட்டு மறுபடி துடைத்த பிறகே ஒட்ட வேண்டும்.