வெள்ளம் வடிந்த பிறகு

கேள்வி: பேரிடர் வந்தால் தன்னார்வலர்கள்தாம் முதலில் ஓடி வருகிறார்கள், அரசுத் துறைகளால் என்ன பயன்?
– வாசகர், வேளச்சேரி

பதில்: தன்னார்வலர்களின் தொண்டு போற்றத்தக்கது. ஆயினும், 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டையையும் ஜாபர்கான்பேட்டையையும் சூழ்ந்து வடிந்தபின், தெருத்தெருவாக மலைபோல் குவிந்த ஊறிய மெத்தைகளையும் சேறு படிந்த பாய்களையும் நாள்கணக்கில் அள்ளியவர்கள், பிற மாவட்டங்களிலிருந்தும் வரவழைக்கப்பட்ட தூய்மைப் பணியாளர்களே. அம்மா உணவகங்களில் அப்போது விலையில்லா உணவு கிடைத்தது. அந்தச் சமையற்கூடங்கள் 2013 முதலே நாள்தோறும் இயங்கிவந்ததால்தான் அது இயன்றது. தண்ணீர் ஏறும்போது மின்சாரத்தைத் துண்டிப்பதும், வடிந்தபின் சோதித்து மீண்டும் வழங்குவதும், குடிநீரில் குளோரின் அளவைப் பார்ப்பதும் பயிற்சி பெற்ற ஊழியர்களின் வேலை. இத்தகையோரில் பலரை ஒப்பந்தக் கூலிகளாகவே வைத்திருப்பது பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.