எஸ்தோனியா: ஆண்டவர்களும் உழுதவர்களும்

ஐயா,

ஐரோப்பாவின் சிறிய நாடுகளைப் பற்றி வாசிக்கலாம் என்று எஸ்தோனியாவில் தொடங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் ஆட்சி மாறுகிறது. டேனியர், ஜெர்மானியத் துறவிப்படை, போலந்து, ஸ்வீடன், ரஷ்யா. இதில் எஸ்தோனியர்கள் எங்கே? 1918க்கு முன் இல்லாத நாட்டுக்குத் தனி வரலாறு உண்டா? பாட்டுப் பாடியே சோவியத்திடமிருந்து விடுதலை பெற்றார்கள் என்பதையும் நம்ப முடியவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆட்சியாளர் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நிலம் யார் கையில் இருந்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டே வாசியுங்கள். எஸ்தோனியர்கள் எங்கே என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

பனிப்பாறைகள் விலகிய பின், சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் வாழ்ந்த தடயங்கள் உண்டு. ஃபின்னிஷ் மொழிக்கு நெருங்கிய உறவான இன்றைய மொழி வெகுகாலம் கழித்து வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அவர்களுக்கு அரசர் கிடையாது. மூப்பர்கள் வழிநடத்திய சிறு சிறு வட்டாரங்கள்தான். கிறிஸ்தவரல்லாத அவர்களை அடக்க ஜெர்மானியரும் டேனியரும் நடத்திய சிலுவைப் போர் அவர்களைத் தேடி வந்தது. 1217இல் லெம்பிது என்ற தலைவர் போரில் விழுந்தார், 1219இல் டேனியர் இன்றைய தலைநகரான தாலினில் இறங்கினர், 1227இல் சாரெமா தீவும் பணிந்தது.

அதற்குப் பின் உருவான அமைப்புதான் முக்கியம். பண்ணையார் ஜெர்மன் பேசுபவர், உழுபவர் எஸ்தோனியர். 1343 ஏப்ரல் 23 இரவு விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களுடைய நான்கு தலைவர்களைப் பேச்சுவார்த்தை என்று பைதே கோட்டைக்கு அழைத்துக் கொன்றுவிட்டார்கள். வாசிக்கும்போதெல்லாம் மனம் பதறும் இடம் அது. மூன்று ஆண்டுகளில் டேனிய மன்னர் தன் பங்கை ஜெர்மானியத் துறவிப்படைக்கு 19,000 மார்க் வெள்ளிக்கு விற்றார். உழுதவர்களையும் சேர்த்துத்தான் விற்பனை.

மேலே கொடி மாறியது, பண்ணை மாறவில்லை. ஸ்வீடன் காலத்தில் மட்டும் ஓர் அசைவு தெரிகிறது. பதினோராம் சார்ல்ஸ் பல பண்ணைகளை அரசுடைமை ஆக்கினார். 1684இல் ஃபோர்செலியுஸ் என்பவர் தெற்கிலுள்ள தார்து நகருக்கு அருகே விவசாயிப் பிள்ளைகளைப் பள்ளி ஆசிரியர்களாகப் பயிற்றத் தொடங்கினார். 1710இல் ரஷ்யாவின் பீட்டர் மன்னர் வந்தபோது பிரபுக்களின் பழைய உரிமைகளை அப்படியே உறுதி செய்துகொடுத்தார். பண்ணையடிமை முறை இன்னும் இறுகியது.

அடிமை முறை வடக்கில் 1816இலும் தெற்கில் 1819இலும் ஒழிந்தது. ஆள் விடுதலையானான், நிலம் முழுக்கப் பண்ணையாரிடமே இருந்தது. விவசாயிகளில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே அதற்குப் பிறகுதான் பதிவானது. நூற்றாண்டின் நடுவில் வந்த சட்டங்கள் நிலத்தை விலைக்கு வாங்க வழி திறந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்துக் குறைந்து ஆளிச்செடி நாருக்கு விலை ஏறியது. தென் எஸ்தோனிய விவசாயிகள் அந்தக் காசில் நிலம் வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். என் பார்வையில் எஸ்தோனியர் ஒரு தேசமாக ஆனது இந்த ஐம்பது ஆண்டுகளில்தான். அதைச் செய்தவர்கள் படித்த விவசாயிப் பிள்ளைகள். 1897 கணக்கெடுப்பில் ரஷ்யப் பேரரசிலேயே எழுத்தறிவு மிக உயர்ந்திருந்த பகுதிகளில் எஸ்தோனியாவும் ஒன்று.

உங்கள் பாட்டுக் கேள்வியும் இங்கேதான் வருகிறது. முதல் பாடல் விழா 1869இல் தார்துவில் நடந்தது. யான்சன் என்ற பத்திரிகையாசிரியர் முன்னின்று நடத்தினார். தெற்கில் அடிமை ஒழிந்த ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடத்தான் அந்த விழா. எண்ணூறு பேருக்கு மேல் பாடவும் இசைக்கவும் வந்தார்கள். யான்சனின் மகள் கொய்துலா எழுதிய தாய்நாட்டுப் பாடல் ஒன்றும் அங்கே ஒலித்தது. சோவியத் காலத்தில் 1960 விழாவில் கூட்டம் அனுமதி கேட்காமல் அதைப் பாடியது. ஆக 1988இல் சோவியத் ஆட்சிக்கு எதிராகப் பாடத் தாலின் மைதானத்தில் லட்சக்கணக்கானோர் திரண்டபோது, மூன்று நான்கு தலைமுறையாகப் பழகிய ஒன்றைத்தான் செய்தார்கள்.

பாட்டு மட்டும் போதவில்லை என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். 1988 நவம்பரில் சோவியத் சட்டத்தைவிடத் தங்கள் சட்டமே மேலானது என்று சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். 1989 ஆகஸ்ட் 23 அன்று மூன்று பால்டிக் நாடுகளும் கைகோத்து 600 கிலோமீட்டருக்கு மனிதச் சங்கிலி அமைத்தன. மாஸ்கோவில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்த வேளையில், 1991 ஆகஸ்ட் 20 இரவு, விடுதலையை அறிவித்தார்கள். அந்த நேரத்தைத் தவறவிடாததும் பெரிய காரணம்.

நிலத்தின் கதையையும் முடித்துவிடுகிறேன். 1918இல் குடியரசு பிறந்தது. அடுத்த ஆண்டே, விடுதலைப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் எடுக்கப்பட்டு, போரில் நின்றவர்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. எழுநூறு ஆண்டுக் கணக்கு அப்போதுதான் தீர்ந்தது. நாடு சோவியத் கைக்குப் போனதால் அது முப்பது ஆண்டுதான் நிலைத்தது. 1949 மார்ச்சில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோவியத் அரசு சைபீரியாவுக்கு ஏற்றி அனுப்பியது. பெண்கள், குழந்தைகள், முதியவர்களே அதிகம். மிச்சமிருந்த விவசாயிகளில் பலர் பயத்தில் சில வாரங்களுக்குள் கூட்டுப்பண்ணைகளில் சேர்ந்தார்கள். 1991க்குப் பின் பழைய உரிமையாளர்களும் வாரிசுகளும் நிலத்தைத் திரும்பக் கேட்கச் சட்டம் வந்தது.

அடுத்து லாத்வியாவை வாசியுங்கள். தென் எஸ்தோனியாவும் அடங்கியிருந்த பழைய லிவோனிய மாகாணத்தின் தென்பாதி அங்கேதான் இருக்கிறது, அதே பண்ணையார்கள்தான். அங்கே நிலச்சீர்திருத்தம் 1920இல் வந்தது.