முதலில் சம்பளம், அப்புறம் பெல்ட்

அன்புள்ள அம்மாவுக்கு,

சனிக்கிழமை மகளின் எதிர்காலம் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க நீங்கள் வந்தபோது பெரியப்பாதான் அதிகம் பேசினார். நான் சொல்ல நினைத்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கவலை புரிகிறது. பிளஸ் டூ முடித்த பெண், மாநிலக் குத்துச்சண்டைப் போட்டியில் 60 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கியவள். நெட்ஃபிளிக்ஸில் குத்துச்சண்டை வீராங்கனைகள் கேட்டி டெய்லரும் அமண்டா செர்ரானோவும் மோதியதைப் பார்த்ததிலிருந்து "நான் புரோ ஆகணும்", அதாவது பணத்துக்கு மோதும் தொழில்முறை பாக்ஸர் ஆகணும் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூக்கு உடைந்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். பெரியப்பாவோ நீட் ரிப்பீட்டர் வகுப்பின் வழவழப்பான விளம்பரத்தாளை என் மேசையில் விரித்தார். விடுதியோடு சேர்த்து ஒன்றரை லட்சம், அதற்கு உங்கள் வளையலை அடகு வைப்பது என்ற அளவுக்குப் பேச்சு போய்விட்டது.

நேராகச் சொல்கிறேன், அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். உயிரியல் புத்தகத்தைக் கடைசியாக எப்போது திறந்தாய் என்று உங்கள் மகளிடம் கேட்டேன். சுவரைப் பார்த்தாள். டெய்லரிடம் என்ன பிடித்தது என்று கேட்டதும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "2022-ல அவங்க ரெண்டு பேரும் மொதல்ல மோதின சண்டையில அஞ்சாவது ரவுண்ட் சார். அவ்ளோ அடி வாங்கியும் விழாம, ஆறாவதுக்கு வந்து நின்னாங்க." சாம்பியனுக்குக் கிடைக்கும் பெல்ட்டைப் பற்றியும் பேசவில்லை, பணத்தைப் பற்றியும் பேசவில்லை. இருபது ஆண்டுகளாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் மனம் எதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் அதிகம் கேட்டதில்லை. அந்த மனதை ஒரு வருடம் விடுதியில் பூட்டி வைத்தால் டாக்டரும் கிடைக்கமாட்டார், பாக்ஸரும் கிடைக்கமாட்டார். உறவினர்கள் யோசனை சொல்வார்கள், வட்டி கட்டப்போவது நீங்கள்தான்.

இனி உனக்கு, கண்ணு. பெரியப்பாவைத் தடுத்துவிட்டேன் என்று சிரிக்காதே. நீ சொல்லும் வழிக்கும் நான் தலையாட்டப் போவதில்லை.

டெய்லரின் கதையை நீ பின்பாதியிலிருந்து பார்த்திருக்கிறாய். அயர்லாந்தின் பிரே ஊர்க்காரர். சிறு வயதில் முடியைத் தலைக்கவசத்துக்குள் மறைத்துக்கொண்டு 'கே. டெய்லர்' என்ற பெயரில் பையன்களோடு சண்டை போட்டவர். அயர்லாந்தில் பெண்களுக்கான முதல் அதிகாரபூர்வச் சண்டை 2001-இல் டப்ளினில் நடந்தபோது, அதில் இறங்கியவர்களில் ஒருவர் 15 வயது டெய்லர். அதற்கப்புறம் அமெச்சூரில், அதாவது தொழில்முறை அல்லாமல் நாட்டுக்காக ஆடும் போட்டிகளில், உலக சாம்பியன் பட்டம் தொடர்ந்து ஐந்து முறை. பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 2012 லண்டனில் தங்கம். 2016 ரியோவில் காலிறுதியில் தோற்றார். அந்த ஆண்டு நவம்பரில்தான், 30 வயதில், முதல் தொழில்முறைச் சண்டை. அடுத்த ஆண்டே உலக பெல்ட், 2019-இல் லைட்வெயிட் எடைப் பிரிவில் நான்கு அமைப்புகளின் பெல்ட்டும். 2022-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 19,187 பேர் பார்த்த அந்தச் சண்டைக்குப் பின்னால், நாட்டுக்காக ஆடிய பதினைந்து வருடம் இருக்கிறது.

அந்தப் பதினைந்து வருடம் இல்லாமல் நேராகத் தொழில்முறைக்குப் போகிறவர்களின் பாடு வேறு. நியூயார்க்கின் ஹீதர் ஹார்டி உலக சாம்பியன் ஆனவர். போட்டிப் பட்டியலில் இடம் பிடிக்க அவரே டிக்கெட் விற்றார், ஜிம்மில் பயிற்சி கொடுத்து மகளை வளர்த்தார். கடைசியில் தலையில் வாங்கிய அடிகளால் பார்வை பாதித்து 2024-இல் ஓய்வு பெற்றார். அமெச்சூரில் நீண்ட அனுபவம் இருந்தும் தொழில்முறை எளிதல்ல: நம் மணிப்பூர் பாக்ஸர் சரிதா தேவி 2017-இல் இம்பாலில் தொழில்முறைச் சண்டையில் வென்றார். அடுத்த ஆண்டே டெல்லி உலகப் போட்டியில் மறுபடி அமெச்சூராக நின்றார்.

அந்தப் போட்டியில் சரிதாவைத் தோற்கடித்து, கடைசியில் தங்கத்தையும் வென்ற கெல்லி ஹாரிங்டன் பக்கம்தான் நீ திரும்ப வேண்டும். அவரும் அயர்லாந்துதான், உன்னைப் போல 60 கிலோதான். டப்ளினில் ஒரு மனநல மருத்துவமனையில் துப்புரவுப் பணி பார்த்துக்கொண்டே பாக்ஸிங் செய்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024 பாரிஸிலும் தங்கம். டோக்கியோ முடிந்ததும் அதே வேலைக்குத் திரும்பினார். தொழில்முறைக்குப் போகவே இல்லை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தால் எந்தச் சண்டையை ஒப்புக்கொள்வது என்பதை நாமே முடிவு செய்யலாம் அம்மா, மேனேஜர் அல்ல.

நம் ஊரில் அந்தச் சம்பளத்துக்கான கதவு ரயில்வே விளையாட்டு ஒதுக்கீடு. நீங்கள் இருக்கும் வியாசர்பாடியிலிருந்து பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை கூப்பிடு தூரம். ஐ.சி.எஃப்.பும் தெற்கு ரயில்வேயும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அறிவிக்கை வெளியிடுகின்றன. எந்த விளையாட்டுக்கு எத்தனை இடம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் அறிவிக்கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. எழுத்துத் தேர்வு இல்லை. நூறு மதிப்பெண்ணில் பெற்ற பதக்கங்களுக்கு 50, களத்தில் நடக்கும் திறன் தேர்வுக்கு 40, படிப்புக்கு 10. நடப்பு நிதியாண்டும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளும்தான் கணக்கு. எப்போதோ வாங்கிய பதக்கத்தை வைத்துக்கொண்டு போய் நிற்க முடியாது.

பெரும்பாலான பிள்ளைகள் கோட்டை விடுவது சான்றிதழில். அங்கீகாரமில்லாத சங்கம் நடத்தும் 'தேசிய' போட்டியில் நுழைவுக் கட்டணம் கட்டி, பளபளக்கும் கோப்பையோடு வருவார்கள். ரயில்வேயில் அது செல்லாது. இனி எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பும், இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் கீழ் அது நடக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மகள் மாநில வெள்ளியோடு நின்றுவிடக் கூடாது, தேசிய அளவில் முதல் மூன்றுக்குள் வர முயல வேண்டும். இரண்டு மூன்று வருட உழைப்பு அது. பெண்கள் தேசியப் போட்டிகளில் ரயில்வே அணியின் கைதான் பல ஆண்டுகளாக ஓங்கியிருக்கிறது. உள்ளே போய்விட்டால் கூடவே பயிற்சி செய்ய நாட்டின் நல்ல பாக்ஸர்கள் இருப்பார்கள், போட்டிக்குச் சிறப்பு விடுப்பும் உண்டு.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கட்டும். பட்டம் கையில் இருந்தால் பின்னாளில் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்றுநர் டிப்ளமோ படிக்கலாம். காயம்பட்டு ரிங்கை விட்டு இறங்கினாலும் பிழைப்பு நடக்கும்.

மூக்குக்கு உத்தரவாதம் தரமாட்டேன். உடையலாம். ஆனால் தலையில் அடிபட்டு மயக்கமோ பார்வை மங்கலோ வந்தால், பயிற்சியாளர் என்ன சொன்னாலும் நரம்பியல் மருத்துவர் அனுமதிக்கும்வரை ரிங்கில் ஏறக் கூடாது. இதில் பேரம் இல்லை கண்ணு. இருபத்திரண்டு வயதுக்கு முன்னால் தொழில்முறைச் சண்டைகளை ஏற்பாடு செய்யும் எந்த புரொமோட்டர் நீட்டும் தாளிலும் கையெழுத்துப் போடவும் கூடாது.

அடுத்த சனிக்கிழமை வரும்போது எல்லாச் சான்றிதழ்களின் அசலையும் எடுத்து வாருங்கள். எது செல்லும், எது செல்லாது என்று பிரித்துவிடலாம். வளையல் கையிலேயே இருக்கட்டும்.