இரண்டாவது விருப்பத்தையும் கேளுங்கள்

கேள்வி: வேலூர் மக்களவைத் தொகுதியில் 2019-இல் வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டுதான். ஜெயித்தவருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு கிடையாது. இந்த முறையை மாற்ற வழியே இல்லையா ஐயா? – வாசகர், குடியாத்தம்

பதில்: இருக்கிறது தம்பி. நான் காட்பாடி வாக்காளன். 2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதி 746 ஓட்டில் முடிவானது. ஒரே ஒரு பூத்தில் விழும் ஓட்டு அவ்வளவு இருக்கும். ஜெயித்தவர் சட்டப்படி ஜெயித்தவர்தான், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆளுக்கு ஒரு பொத்தானோடு நம்மை அனுப்பிவிடுகிறார்களே, அதுதான் குறை.

வாத்தியார் வேலையில் இருந்ததால் பல தேர்தல்களில் பூத் டியூட்டி பார்த்திருக்கிறேன். ஒடுகத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்ற அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "எனக்குப் புடிச்சவரு ஜெயிக்க மாட்டாரு. அவருக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிடுமே." விரலில் மை வைக்கும்போதும் அவர் முகம் தெளியவில்லை.

விருப்ப வரிசை முறை இருந்தால் அந்த அம்மா பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று போட்டிருப்பார். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், கடைசி இடத்தில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருக்கு விழுந்த ஓட்டுகளை அவரவர் இரண்டாவது விருப்பத்துக்கு மாற்றி எண்ணுவார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இப்படியே போகும். நம் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது இந்த முறையில்தான். அவர்களுக்கு உண்டு, நமக்கு மட்டும் ஏன் இல்லை? இலங்கையில் சாதாரண வாக்காளரே அதிபர் தேர்தலில் 1, 2, 3 எழுதலாம். 2024-இல் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இருந்த விருப்பங்களையும் எண்ணித்தான் முடிவு சொன்னார்கள்.

படிக்காதவர்களுக்குப் புரியுமா என்பார்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தபோதும் இதையேதான் கேட்டார்கள். அன்று காலையில் ஒவ்வொருவருக்கும் நாங்கள் சொல்லிக்கொடுத்தோம். பத்து மணிக்கு மேல் வரிசையில் அவர்களே, "சத்தம் வந்தா ஓட்டு விழுந்துடுச்சுன்னு அர்த்தம்" என்று பின்னால் நின்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இப்போதைய இயந்திரம் ஒரு பொத்தானோடு நின்றுவிடும், அதை மாற்றத்தான் வேண்டும். செலவாகும். ஆகட்டும்.

கேள்வி: அதைவிட, கட்சி வாங்கும் ஓட்டு விகிதப்படியே இடங்களைப் பிரித்துக் கொடுத்துவிடலாமே? – வாசகி, ஆம்பூர்

பதில்: முழுக்க முழுக்க அப்படி என்றால் எனக்குச் சம்மதமில்லை அம்மா. தோல் கழிவு கலந்து கெட்டுப்போன பாலாற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டுகொண்டு போய்க் காட்ட, 'எங்க ஊர் எம்.எல்.ஏ.' என்று ஒருவர் வேண்டும். கட்சிப் பட்டியலில் மட்டும் பெயர் இருப்பவரை ஆம்பூர்க்காரர்கள் எங்கே போய்த் தேடுவது? தொகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, கூடுதலாகச் சில இடங்களைச் சேர்த்து அவற்றை மட்டும் விகிதப்படி நிரப்பலாம் என்று சட்ட ஆணையம் 1999-இல் தன் 170-ஆவது அறிக்கையில் யோசனை சொன்னது. அப்படியானால் சரி.